கடைசிப் பதினாறு பக்கம்

சத்தியநேசனுக்கு ஒரு கதை பிடிக்க வேண்டுமென்றால் அதில் யாராவது செத்தாக வேண்டும். ஏனோதானோவென்று செத்தால் போதாது. ‘அட, தப்பித்திருக்கலாமே’ என்று படிக்கிறவன் தவித்துப்போகிற மாதிரி சாக வேண்டும். கல்யாணத்தில் முடிகிற கதையைக் கண்டால் மனுஷனுக்கு ஆகவே ஆகாது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மாதாமாதம் வாசகர் வட்டம் கூடும். அங்கே யார் எந்த நாவலைப் பற்றிப் பேசினாலும், கடைசியில் இவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டம் கலைந்ததில்லை.

“கடைசிப் பக்கத்துல கல்யாணம் வச்சா அதுக்குப் பேரு கதையில்லய்யா, பந்தல் காண்ட்ராக்ட்” என்பார். சனம் கை தட்டும். பழைய ரஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்பு, கரிசல்காட்டு மனுஷர்களின் பாடுகளைச் சொல்கிற கெட்டி அட்டை நாவல்கள், இவைதான் அவருக்கு எழுத்து. மற்றதெல்லாம் முறுக்கு மடிக்கிற காகிதம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஆயுசெல்லாம் தீர்ப்பு டைப் அடித்து ரிட்டயர் ஆனவர். தீர்ப்பு சொல்கிற பழக்கம் விரலிலிருந்து வாய்க்கு ஏறிவிட்டது என்று வட்டத்து நண்பர் வைகுண்டராஜ் கேலி செய்வார். அதில் பொய்யில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவி வேதமணியோ மாத நாவல் பைத்தியம். தையல் மெஷின் மேலேயே ஒரு நாவல் கவிழ்ந்து கிடக்கும். பாபின் நூல் தீர்ந்தால் ஒரு பக்கம், கஸ்டமர் போனால் இரண்டு பக்கம் என்று படிப்பாள். போலீஸ், கொலை, பணக்கார வீட்டு மருமகள், கோமாவில் கிடக்கிற கதாநாயகி, எதுவானாலும் சரி, கடைசியில் எல்லாரும் பிழைத்துக் குடும்பத்தோடு போட்டோ எடுக்க வேண்டும்.

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்பார் இவர்.

“கற்பூரத்தைத் தின்னா வயிறு நெறையுமாக்கும்? கஷ்டத்தைத்தான் வீட்டுக்குள்ளயே பாத்துக்கிட்டு இருக்கேனே. அதை வேற வாங்கிவச்சுப் படிக்கணுமா?” என்பாள் அவள். முப்பது வருஷமாக இந்தச் சண்டை ஓடியது. ஒருத்தர் புத்தகத்தை ஒருத்தர் தொட்டதில்லை. சத்தியநேசன் அதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வார்.

பிறகு சர்க்கரை வந்தது. முதலில் கண்ணைத் தின்றது. மதுரைக்குப் போய் லேசர் வைத்தும் ஒரு கண் முழுசாகப் போயிற்று, மற்றதில் வெளிச்சமும் நிழலும்தான். தையல் மெஷினை உறை போட்டு மூடினார்கள். அதோடு விட்டதா? பட்ட காலிலே படும் என்பார்களே, அது பழமொழி என்றுதான் இவர் அதுவரை நினைத்திருந்தார். ஈஸ்டருக்கு வாங்கின புதுச்செருப்பு வலது காலைக் கடித்ததில் ஒரு சின்னப் புண். அது ஆறாமல் விரல் கறுத்து, பாதத்தில் ஏறியது. அறைக்குள் நுழைந்தாலே வாடை அடித்தது. ஊதுவத்தி வைத்துப் பார்த்தார்கள், அது இன்னும் மோசம்.

“முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா உசுருக்கு ஒண்ணும் இல்ல. தள்ளிப்போட்டா விஷம் ரத்தத்துல ஏறிரும், பொறவு யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது” என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளம்ப வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் வின்சி போனில் அழுதாள், கத்தினாள். சர்ச்சிலிருந்து போதகர் வந்து ஜெபித்துவிட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். வேதமணி எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“இந்தக் கதை முடியட்டும். பொறவு சொல்லுதேன்.”

எந்தக் கதை? ஜமால் முகமதுவின் வாடகைப் புத்தகக் கடையிலிருந்து வந்த கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கடை. இப்போது முன்பக்கம் முழுக்கச் செராக்ஸும் செல்போன் ரீசார்ஜும்தான். உள்ளே ஒரு அலமாரி மட்டும் பழைய மாத நாவல்கள். நாலைந்து நாவலைச் சேர்த்து ஒரே தடிப் புத்தகமாகத் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருப்பார் பாய். கண் போன பிறகும் வேதமணிக்குக் கதை இல்லாமல் ஆகாது. அதனால் இத்தனை வருஷமும் தொடாத பண்டத்தைச் சத்தியநேசனே போய் வாங்கிவந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசித்தார். கால் வலியில் அவள் முனகுவது அந்த நேரத்தில்தான் நின்றது. அதற்காகச் செருப்புக்கடை விளம்பரத்தையும் வாசிப்பார்.

வாசித்தாரே ஒழிய சும்மா வாசித்தாரா? வரிக்கு வரி தீர்ப்பு.

“‘நிவேதாவின் பட்டுக் கன்னங்களில் முத்துக்கள் உருண்டன.’ பாத்தியா, அழுதான்னு சொல்ல இவனுக்கு வாய் வரமாட்டேங்குது.”

“அழுதா முத்து உருளாம மிளகா வத்தலா உருளும்? வாசிங்க.”

“இந்த மாதிரி எழுதுறவனைக் குண்டர் சட்டத்துல உள்ள போடணும்.”

“போடுங்க. மொதல்ல அவ என்ன ஆனான்னு சொல்லுங்க” என்பாள். பிறகு ‘ம்’ கொட்டுவாள். வாசிக்கிறவர் மூச்சுவிட நிறுத்துகிற இடத்திலெல்லாம் சரியாக ஒரு ‘ம்’ விழும்.

கதை இதுதான். நிவேதா கார் விபத்தில் சிக்குகிறாள். இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது. கணவன் ரஞ்சித் வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். பிழைப்பாளா மாட்டாளா? நூறு பக்கமாக இந்த ஒரே கேள்வியை ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு போனான் எழுதினவன்.

சத்தியநேசனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இல்லை, தெரிந்தும் தோன்றாத ஒன்று. வருஷப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் அவர்கள் சர்ச்சில் தட்டில் பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து நீட்டுவார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். மற்றவர்கள் எடுத்து, வாசித்து, பர்ஸில் சொருகி மறந்துபோவார்கள். வேதமணி அப்படியில்லை. அட்டையில் ‘போ’ என்று வந்தால் போவாள், ‘காத்திரு’ என்று வந்தால் வருஷமெல்லாம் காத்திருப்பாள். வின்சிக்கு மாப்பிள்ளை முடிவு செய்ததே ஒரு அட்டையை வைத்துத்தான். கையில் அட்டை இல்லாத நேரத்தில் எது முதலில் காதில் விழுகிறதோ அதை அட்டையாக எடுத்துக்கொள்கிற மனுஷி அவள். காலை வெட்டலாமா வேண்டாமா என்று கேட்க, இப்போது அவளிடம் அட்டை இல்லை. நிவேதாதான் இருந்தாள்.

அன்று மத்தியானம் கடைசி அத்தியாயம் வந்தது. பக்கத்து வீட்டு மாஜிதா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். வேதமணி கஞ்சியைத் தொடவில்லை. தலையணையில் சாய்ந்து, வெளிச்சம் தெரிகிற கண்ணை அவர் குரல் வந்த பக்கம் திருப்பிவைத்திருந்தாள்.

“‘தியேட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். ரஞ்சித் ஓடினான். டாக்டர்...’”

சத்தியநேசன் பக்கத்தைத் திருப்பினார். அங்கே வேறு ஒரு நாவலின் முதல் அத்தியாயம். ஊட்டி, பனி, ஒரு பிணம். முன்னும் பின்னும் புரட்டினார். பைண்டிங்கில் கடைசிப் பதினாறு பக்கமும் விட்டுப்போயிருந்தது.

“டாக்டரு என்ன சொன்னாரு?” என்றாள் வேதமணி.

பக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? நாளைக்கு பாயிடம் கேட்போம் என்று முடிந்திருக்கும். ஆனால் நாக்கில் சனி உட்கார்ந்தால் என்ன செய்வது! முப்பது வருஷத்தில் தன் வாயை இவள் இப்படி ஏங்கிப் பார்த்ததில்லை என்று அவருக்குப் பட்டது. கூடவே ஒரு ஆசையும் எழுந்தது. அடுத்தவன் எழுதினதை ஆயுசெல்லாம் குறை சொன்ன மனுஷன், சொந்தமாக ஒரு வரி எழுதினதில்லை. இந்தக் குப்பைக்கு நாமே ஒரு நல்ல முடிவு வைத்தால் என்ன? நல்ல முடிவு என்றால் அவர் அகராதியில் ஒன்றுதான் அர்த்தம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊட்டிப் பிணத்தின் பக்கத்தைப் பார்த்தபடியே, அதே வாசிக்கிற குரலில் சொன்னார்.

“‘டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. குழாயைத் திறந்து கை கழுவினார். கடிகாரத்தைப் பார்த்தார். ரஞ்சித்துக்குப் புரிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தான். வாசலில் நிவேதாவின் செருப்பு அவள் அவசரமாகக் கழற்றிப் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஒன்று உள்ளே பார்த்து, ஒன்று வெளியே பார்த்து. அதை அவன் எடுக்கவில்லை. தினமும் தாண்டித் தாண்டித்தான் வேலைக்குப் போனான். மழைக்காலம் வந்தது. அப்போதும் எடுக்கவில்லை.’ முற்றும்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். வேதமணியின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. முத்து அல்ல, சாதாரணக் கண்ணீர்தான். சத்தியநேசனுக்கு உடம்பு சிலிர்த்தது. ‘கடைசியில் இவளையும் இலக்கியம் தொட்டுவிட்டது’ என்று நினைத்தார். ஆமாம், அப்படித்தான் நினைத்தார். வெளியே போய் வைகுண்டராஜுக்குப் போன் போட்டு அந்தச் செருப்புச் சமாச்சாரத்தைச் சொன்னார். “யோவ், பிரமாதம்யா” என்றார் அவர். உள்ளே பெண்டாட்டி கால் அழுகிக்கொண்டிருக்க, இவர் வாசலில் நின்று பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வேதமணி கூப்பிட்டாள்.

“ஏங்க, வின்சிகிட்டச் சொல்லிருங்க. ஆபரேஷன் வேண்டாம்.”

“என்னட்டி சொல்லுத? கதை முடியட்டும், சொல்லுதேன்னியே?”

“முடிஞ்சிருச்சுல்ல. அதான் சொல்லுதேன். அவ பொழச்சா நானும் போய்ப் படுக்கலாம்னு நெனச்சிருந்தேன். சீட்டு எடுத்த மாதிரி எடுத்துக்கிட்டேன். அது அப்படி வந்துருச்சு. விடுங்க.”

சத்தியநேசன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, அது நான் கட்டிச் சொன்னது! புஸ்தகத்துல கடைசிப் பக்கமே இல்ல. ஆண்டவர் மேல ஆணையாச் சொல்லுதேன்.”

வேதமணி சிரித்தாள். அத்தனை வலியிலும் சிரித்தாள். “நீங்களா? கதை கட்டினீங்களா? மதுரைக்குப் போய்ட்டு வந்தா அங்க என்ன நடந்துச்சுன்னே சேத்துச் சொல்லத் தெரியாது. எனக்காகப் பொய் சொல்லாதீங்க.”

அவர் எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. சாப்பிடாமல் கொள்ளாமல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினார். ஜமால் முகமது யாருடைய ஆதார் அட்டையையோ செராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். காக்கி அட்டைப் புத்தகத்தை மேஜைமேல் போட்டு, “பாய், இதோட கடைசிப் பக்கம் எங்க?” என்று இவர் கேட்ட கேட்பில் வாடிக்கையாளர் பயந்து ஒதுங்கினார்.

“பதறாதீங்க சார். பதினாறு பக்கம் சேந்தா ஒரு ஃபாரம். பைண்டர் ஒரு ஃபாரத்தை மாத்தித் தைச்சிருப்பான். அடுத்த வால்யூம்ல இருக்கும். அது பத்திரமா நம்மகிட்டதான் இருக்கு” என்று உள்ளே போனார். தேடி எடுக்க அரைமணி ஆயிற்று. இருந்தது. வேறு ஏதோ நாவலுக்கு நடுவில், நிவேதாவின் கடைசிப் பதினாறு பக்கம் பத்திரமாகத் தைத்து இருந்தது. பாய் பிளேடால் நூலை அறுத்து எடுத்துக் கொடுத்தார். சத்தியநேசன் அங்கேயே நின்றபடி வாசித்தார். அவள் பிழைக்கிறாள். கண் திறக்கிறாள். ‘ரஞ்சித், ஒரு காபி கிடைக்குமா?’ என்கிறாள். மூன்று மாதத்தில் ஊன்றுகோலோடு நடக்கிறாள். கடைசிப் பக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். இந்தக் கர்மத்தைப் படித்துவிட்டு, செராக்ஸ் கடையில் பத்துப் பேர் பார்க்க, சத்தியநேசன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசிக்க உட்கார்ந்தார். ‘காபி கிடைக்குமா’ வந்த இடத்தில் அழுதுவிட்டார். வேதமணி முழுசும் கேட்டாள். ஒரு ‘ம்’ கூடக் கொட்டவில்லை.

“நேத்து நிதானமா வாசிச்சீங்க. அது புஸ்தகம். இன்னைக்கு அழுதுக்கிட்டே சொல்லுதீங்க. இது நீங்க கட்டுறது. எனக்குத் தெரியாதா?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “பேரு வைக்கிறதுல முடியுதாக்கும்! நீங்கதான சொல்லுவீங்க, பந்தல் காண்ட்ராக்ட்னு” என்றாள்.

அவருடைய வார்த்தையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஓடிப்போய் மாஜிதாவைக் கூட்டிவந்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் வாசித்தாள்.

“அக்கா, அல்லா மேல சத்தியம், இதுலதான் அச்சடிச்சிருக்கு. அந்தப் பொண்ணு பொழச்சுக்கிருச்சுக்கா.”

“ஏட்டி மாஜிதா, ஒனக்கும் பாடம் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்துட்டாரா? பாவம்டி அவரு” என்று வேதமணி அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். மாஜிதா சமையலறைக்குள் போய் அழுதாள். வின்சி போனில், “அம்மா, அப்பா சொல்லுறது நெசம்மா” என்று கெஞ்சினாள். காகிதத்தைக் கையில் கொடுத்து, “தடவிப் பாரு” என்றார் சத்தியநேசன். தடவினால் எழுத்தா தெரியும்? அவள் காகிதத்தை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

அடுத்து இரண்டு நாள் டாக்டர் வந்தார், திட்டினார். போதகர் வந்தார், கதைப் புத்தகத்தை அட்டையாக்குவது பாவம் என்றார். அவள் இரண்டு பேரையும் மரியாதையாக அனுப்பிவைத்தாள். மூன்றாம் நாள் பகலில் குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. நாக்குக் குழறியது. இனி அவள் சம்மதத்தைக் கேட்க நேரமில்லை என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். வின்சி கோயம்புத்தூரிலிருந்து நேராக மதுரைக்குக் கிளம்பினாள்.

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியது. கோர்ட் வாசலில் ஒரு கூட்டம் நின்றது, இவர் பார்க்கவில்லை. கிருஷ்ணன்கோவில் வரும்போது வேதமணி கண் விழித்தாள். வண்டிச் சத்தத்தில் அவள் பேசியது கேட்கவில்லை. குனிந்து காதை வாயோரம் வைத்தார்.

“அந்த முடிவைச் செத்த வாசிங்க.”

அவருக்கு உயிர் வந்தது. நம்பிவிட்டாள்! சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுக்கையில் ஒரு தாள் கீழே விழுந்தது. “வாசிக்கேன், வாசிக்கேன். ‘நிவேதா மெல்லக் கண் திறந்தாள்...’”

“அது இல்லங்க” என்றாள் வேதமணி. “மொதல்ல வாசிச்சது. அதுதான் நல்லாருந்துச்சு.”

வாழ்நாளெல்லாம் அவர் அவளிடமிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அது இப்படியா வந்து சேர வேண்டும்? வாயைப் பொத்திக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ்காரப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் காத்திருந்தாள். கேட்டதைக் கொடுப்பதா, கொடுக்காமல் இருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், காகிதத்தைப் பார்க்காமல், சொல்ல ஆரம்பித்தார்.

“‘டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவினார்...’”

“ம்.”

“‘கடிகாரத்தைப் பார்த்தார். ரஞ்சித்துக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தான். மழைக்காலம் வந்தது...’”

அதற்கு மேல் முடியவில்லை. நிறுத்தினார். வேதமணியின் விரல் அவர் கையைச் சுரண்டியது.

“செருப்பை விட்டுட்டீங்க” என்றாள்.

சத்தியநேசன் செருப்பைச் சொன்னார். ஒன்று உள்ளே பார்த்து, ஒன்று வெளியே பார்த்து. அவன் எடுக்கவில்லை என்று சொன்னார். தாண்டித் தாண்டிப் போனான் என்று சொன்னார். கல்லுப்பட்டி வரைக்கும் ‘ம்’ விழுந்தது. பிறகு விழவில்லை. அவர் மறுபடியும் டாக்டர் கை கழுவுகிற இடத்திலிருந்து ஆரம்பித்தார்.